மெமாய்ர்: நினைவோடையா, நினைவுக்குறிப்பா?

எழுதப் பழகுகிறவர்களுக்கு "நல்ல மெமாய்ர்களைப் படியுங்கள்" என்று சொல்வதுண்டு. சுயசரிதை என்றே சொன்னால் ஆகாதா? ஆகாது. சுயசரிதை பிறப்பில் தொடங்கி வாழ்க்கை முழுவதையும் சொல்லப் பார்க்கும். மெமாய்ருக்கு (memoir) வாழ்க்கையில் ஒரு காலமோ ஓர் உறவோ போதும்.

இந்த ஆங்கிலச் சொல்லின் வேர், நினைவைக் குறிக்கும் லத்தீன் சொல்லான மெமோரியா. பிரெஞ்சில் அது மெமுவார் ஆகி, பெண்பால், ஆண்பால் என்று இரண்டாகப் பிரிந்தது. பெண்பாலில் நினைவு; ஆண்பாலில் எழுதிவைத்த குறிப்பு. ஆங்கிலம் எடுத்துக்கொண்டது ஆண்பாலை.

தமிழில் சிலர் நினைவோடை என்கிறார்கள். அழகான சொல்தான். ஆனால் நனவோடை என்ற உத்தியின் (மனதில் ஓடும் எண்ணங்களை ஓடுகிறபடியே எழுதுவது) பெயரோடு குழம்புகிறது. அப்புறம், ஓடை என்றாலே தானாக ஓடும். மெமாய்ரில் பாதி வேலை, நினைவுக்கு வந்ததில் எதை விடுவது என்பதுதான்.

என் ஓட்டு நினைவுக்குறிப்புக்கு. பிரெஞ்சு ஆண்பால் பொருள் அதில் அப்படியே இருக்கிறது. போதாததற்கு, தமிழில் குறிப்பு என்றால் சொல்லாமல் உணர்த்துவதும்தான். குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்களே உண்டு (71, 110). எழுதக் கற்க மெமாய்ர் படிப்பதும் ஒருவகைக் குறிப்பறிதல்தானே?

உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' வகையில் சுயசரிதை. ஆனாலும் 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் பகுதி தனியாகவே ஒரு நினைவுக்குறிப்பு. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று இவர் அடுக்குகிறார். பட்டியல் நீள நீள அந்த 25 வயதுக்காரரின் பெருமை நமக்குத் தெரிகிறது. "என்ன பிரயோசனம்?" என்று முதலியார் கேட்கும்போது அடி நமக்கும் விழுகிறது. அடுத்து முதலியார் கேட்கும் சீவக சிந்தாமணி என்ற பழைய காப்பியத்தை இவர் அதுவரை பார்த்ததே இல்லை. அதை 1887இல் பதிப்பித்து, அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 85 வயதை ஒட்டி இதை எழுதுகிறார். அப்போதும் அந்த இளைஞனுக்காக வக்காலத்து வாங்கவில்லை.

இந்தப் பகுதியை ஒருமுறை கையால் எழுதிப் பாருங்கள். பிறகு பட்டியலை மூன்று நூல்களாகச் சுருக்கிவிட்டு மறுபடி படியுங்கள்.