எச்.ஐ.வி. குடலில் மூட்டும் தீ

சங்ககிரியிலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியை கேட்டிருந்தார்: “எச்.ஐ.வி. தொற்றியவரின் ரத்தத்தைச் சோதித்தால், வைரஸ் குடியேறிய சிடி4 செல்கள் மிகச் சொற்பம்தான் என்று படித்தேன். அப்படியானால் மருந்து எடுக்காதவருக்கு இத்தனை செல்கள் எப்படிச் சாகின்றன?”

ஆராய்ச்சியாளர்களைப் பல ஆண்டுகள் திணறடித்த கேள்வி இது. விடை தேட ரத்தத்தை விட்டுக் குடலுக்குப் போக வேண்டும்.

சிடி4 செல்கள் லிம்போசைட் என்ற வெள்ளையணு வகையைச் சேர்ந்தவை; நோய் எதிர்ப்பு வேலையை ஒருங்கிணைப்பவை, எச்.ஐ.வி. குறிவைப்பது அவற்றைத்தான். இதெல்லாம் பள்ளியில் படித்ததே. நம் லிம்போசைட்டுகளில் ரத்தத்தில் ஓடுபவை 100-க்குச் சுமார் 2தான். மற்றவை நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல், குடல் சுவர் போன்ற திசுக்களில் இருக்கின்றன. குடலில் உள்ள சிடி4 செல்களில் பெரும்பாலானவற்றின் மேல் சிசிஆர்5 என்ற புரதம் உண்டு. வைரஸ் உள்ளே நுழையப் பற்றிக்கொள்ளும் பிடிகளில் அதுவும் ஒன்று. அதனால் தொற்றிய சில வாரங்களிலேயே, ரத்தப் பரிசோதனையில் பெரிதாக ஒன்றும் தெரியாத நிலையிலும், குடல் காலியாகத் தொடங்கிவிடுகிறது. 1998-ல் குரங்குகளிடம் இதைக் கண்டார்கள், 2004-ல் மனிதர்களிடம் உறுதி செய்தார்கள்.

சரி, அவை சாவது எப்படி? ஆரம்ப வாரங்களில் வைரஸ் நேரடியாகக் கொல்வதும் கணிசமாக உண்டு. ஆனால் என்னை வியக்கவைப்பது இன்னொரு வழி. சான் பிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டோன் ஆய்வகத்தில் வார்னர் கிரீன் குழுவினர், மனித டான்சில், மண்ணீரல் திசுக்களில் எச்.ஐ.வி.யை விட்டுப் பார்த்தார்கள். செத்த சிடி4 செல்களில் 100-க்கு 95-க்கும் மேல், வைரஸ் உள்ளே நுழைந்தும் பெருக முடியாமல் பாதியில் நின்றுபோனவை!

நடப்பது இதுதான். ஓய்வு நிலையில் இருக்கும் சிடி4 செல்லுக்குள் வைரஸ் நுழைகிறது. தன் ஆர்என்ஏ-வைப் பார்த்து டிஎன்ஏ எழுதத் தொடங்குகிறது. டிஎன்ஏ-வுக்கான மூலப்பொருள் ஓய்வில் இருக்கும் செல்லில் மிகக் குறைவு; எனவே வேலை நடுவில் நின்றுவிடுகிறது. அரைகுறை டிஎன்ஏ துண்டுகள் செல்லுக்குள் சேர்கின்றன. ஐஎஃப்ஐ16 என்ற புரதம் அவற்றை மோப்பம் பிடித்து, காஸ்பேஸ்-1 என்ற நொதியைத் தட்டி எழுப்புகிறது. அப்புறம் செல் சவ்வில் ஓட்டைகள் விழுகின்றன, நீர் புகுந்து செல் ஊதி வெடிக்கிறது. இதற்கு பைராப்டோசிஸ் என்று பெயர். செல் சத்தமில்லாமல் சுருங்கி மடியும் அப்போப்டோசிஸ் வகையில் அக்கம்பக்கத்துக்குப் பெரிய பாதிப்பு இல்லை. இதில் உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கொட்டுகிறது. கூடவே இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சித் தூதுப் பொருளும் வருகிறது.

அந்த அழைப்பைக் கேட்டு இன்னும் சிடி4 செல்கள் அங்கே வந்து சேர்கின்றன. அவற்றுக்குள்ளும் வைரஸ் போகிறது, அவையும் வெடிக்கின்றன. கோடையில் ஏற்காட்டு மலைச்சரிவில் தீப்பிடித்து, அணைக்கப் போனவர்களே விறகாகிப்போனால் எப்படியோ, அப்படி.

குடலில் நிலைமை இன்னும் மோசம். அங்கே முதலில் அழிபவற்றில் டிஎச்17 என்ற சிடி4 செல் வகை முக்கியமானது. ஒற்றை அடுக்குச் செல்களாலான குடல் உட்சுவர் கெட்டியாக இருக்க டிஎச்17 செல்கள் சுரக்கும் பொருட்கள் வேண்டும். அவை போனதும் சுவர் கசிகிறது. குடலோடு நிற்க வேண்டிய பாக்டீரியாத் துண்டுகள் ரத்தத்தில் கலந்து, உடல் முழுக்க அழற்சியைக் கிளப்புகின்றன. இப்படிக் கிளர்ந்த சிடி4 செல்கள் வைரஸுக்கு இன்னும் வசதியான இரை. குடல் திசுச் செல்களோடு வைரஸையும் பாக்டீரியாவையும் சேர்த்து வைத்த சோதனைகளில், சிடி4 செல்களின் சாவு கூடியதையும் பார்த்திருக்கிறார்கள்.

அழற்சிதான் திருப்புமுனை என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மங்காபே குரங்குகளே சாட்சி. அவற்றின் உடலில் எச்.ஐ.வி.க்கு உறவான எஸ்.ஐ.வி. என்ற குரங்கு வைரஸ் ஏராளமாக ஓடுகிறது. ஆனாலும் நாள்பட்ட அழற்சி இல்லை, குடல் சுவர் கசிவதில்லை, எய்ட்ஸ் வருவது மிக அரிது.

கூட்டு மருந்து வைரஸ் பெருகுவதைத் தடுத்துவிடுகிறது. ரத்தத்தில் சிடி4 ஏறுகிறது. குடல் மட்டும் மெதுவாகத்தான் தேறுகிறது, பலருக்கு முழுதாகத் தேறுவதில்லை. சீக்கிரம் தொடங்கியவர்களுக்குச் சேதம் குறைவு. இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. “மூலிகையில் அடியோடு குணமாக்குகிறேன், மாத்திரையை நிறுத்து” என்பவர்களின் பேச்சைக் கேட்டு மருந்தை விட்டால், சில வாரங்களில் வைரஸ் திரும்பப் பெருகும், மேலே சொன்ன சங்கிலி முழுவதும் மறுபடி ஓடும். சேலம் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசமாகக் கிடைக்கும்போது யாருக்கும் இந்த நிலை வரக் கூடாது.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. குடல் பாக்டீரியாக் கூட்டம் உண்ணும் உணவுக்கேற்ப மாறும். களியும் கம்பங்கூழும் அரிசிச் சோறும் சாப்பிடும் நம் மக்களின் குடலில் இந்த அழற்சி எப்படி நடக்கிறது என்பதை, அமெரிக்கத் திசுக்களை வைத்து எவ்வளவு தூரம் ஊகிப்பது? நம் மாவட்ட மருத்துவக் கல்லூரிகளிலேயே இதை ஆராய நிதி ஒதுக்க வேண்டும். செல் வெடிப்பதையே தடுக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. காஸ்பேஸ்-1-ஐத் தடுக்கும் ஒரு மருந்து, வலிப்பு நோய்க்காக ஏற்கெனவே மனிதர்களிடம் சோதிக்கப்பட்டது. அதைக் கிரீன் குழுவினர் டான்சில் திசுவில் இட்டபோது சிடி4 செல்கள் வெடிப்பது நின்றது. ஆய்வகத்தில் வேலை செய்த அந்த வழி இன்னும் எச்.ஐ.வி. சிகிச்சையாக நோயாளிகளிடம் வந்து சேரவில்லை.