"சாருக்கு என்னைப் பிடிக்காது" என்று சொல்லும் பிள்ளைகளுக்கு

பதினொன்றாம் வகுப்பு தொடங்கி ஒரு மாதம் ஆவதற்குள் சில பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லிவிடுவார்கள்: "பிசிக்ஸ் சாருக்கு என்னைக் கண்டாலே பிடிக்காது." பெற்றோர் கூட்டத்துக்கு வரும் அம்மாக்கள் தயங்கித் தயங்கி அதை என்னிடமே சொல்வதுண்டு. அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். அந்தப் பிள்ளையின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பேன். ஜூலை மாதத்தில் பெரும்பாலும் வராது. பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்ற பேச்சுக்கே இன்னும் இடமில்லை, அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியவே தெரியாது.

மாணவர்கள் இதை எளிதில் நம்ப மாட்டார்கள். அவர்கள் பார்வையில் ஒரே ஒரு பிசிக்ஸ் சார்தான். சாரின் பக்கம் இருந்து பாருங்கள். ஒரு பிரிவில் ஐம்பது, அறுபது பேர். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ, உயிரியல் பிரிவு, கணினிப் பிரிவு என்று மூன்று நான்கு வகுப்புகளுக்குப் போய்வந்தால் இருநூறு முகம். பாடவேளையோ முக்கால் மணி நேரம்தான். முதல் பருவத்தில் அவருக்குப் பெயரோடு தெரிவது இரண்டு வகைப் பிள்ளைகள்: கேட்டதும் பதில் சொல்கிறவர்கள், ஓயாமல் சேட்டை செய்கிறவர்கள். இந்த இரண்டிலும் சேராமல், நோட்டில் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிக்கொண்டு, வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் முப்பது நாற்பது பேர் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆசிரியரிடம் நல்ல பெயர் வாங்குவது என்றால் வணக்கம் வைப்பது, நோட்டுக்கட்டைத் தூக்கி வருவது, செப்டம்பர் 5 அன்று பேனா கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். வணக்கம் நல்ல பழக்கம், வையுங்கள். பேனாவுக்கு வீட்டில் காசு கேட்க வேண்டாம். இவை எதுவும் நீங்கள் யார் என்று ஆசிரியருக்குச் சொல்வதில்லை. உங்களுக்கு எது புரிகிறது, எந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறீர்கள் என்று தெரியவந்த நாளில்தான் நீங்கள் அவருக்குத் தெரிந்த பிள்ளை ஆகிறீர்கள்.

ஒரு மாணவியைச் சொல்கிறேன். இயக்கவியல் பாடம், மேல்நோக்கி எறிந்த பந்து. வேகம் மாறும் வீதமான முடுக்கத்துக்கு, புவியீர்ப்பால் வரும் 9.8ஐப் போட்டிருந்தேன். பாடவேளை முடிந்து நான் படியிறங்கும்போது பின்னாலேயே வந்தாள். அதுவரை அவள் குரலைக்கூட நான் கேட்டதில்லை. நோட்டைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்: "சார், உச்சிக்குப் போனதும் பந்தோட வேகம் சுழின்னு சொன்னீங்க. அப்போ முடுக்கமும் சுழிதானே? நீங்க இங்கேயும் 9.8னே போட்டிருக்கீங்களே?"

"சரி, முடுக்கம் சுழின்னே வச்சுக்குவோம். முடுக்கம் இல்லைன்னா வேகம் மாறாது. உச்சியில வேகம் சுழி. அது மாறவே மாறாதுன்னா பந்து என்ன ஆகும்?"

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தாள். "அங்கேயே நின்னுடும் சார்," என்று சொன்னவள் சட்டென்று சிரித்துவிட்டாள். படிக்கட்டிலேயே விஷயம் முடிந்தது.

மறுநாள் அதே கேள்வியை வகுப்பு முழுவதற்கும் போட்டேன். பாதிப் பேர் 'சுழி' என்றுதான் கை தூக்கினார்கள். அவள் கேட்காமல் இருந்திருந்தால் நான் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன், தேர்வில் பாதி வகுப்பு ஒரே இடத்தில் தவறியிருக்கும். சந்தேகம் கேட்பதை ஆசிரியருக்குத் தரும் தொந்தரவு என்று நினைக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். அன்று உதவி வாங்கியது அவள் மட்டும் இல்லை. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் ஒரு கடினமான இடம் வந்தால் என் கண் தானாக அவள் பக்கம் போகும், புரிந்ததா என்று பார்க்க.

அவள் கேட்ட விதத்தையும் பாருங்கள். "சார், இந்தப் பாடமே ஒண்ணும் புரியல" என்று வந்து நின்றால் ஆசிரியரால் செய்ய முடிவது குறைவு. முழுப் பாடத்தையும் மறுபடி நடத்த அவருக்கு நேரம் இருக்காது, "நல்லாப் படிச்சுட்டு வா" என்று அனுப்பிவிடுவார், நீங்களும் மனம் சுருங்கித் திரும்புவீர்கள். வருவதற்கு முன் வீட்டில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். எந்த வரி வரை புரிகிறது, எந்த வரியில் நிற்கிறது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். "இந்த வரி வரைக்கும் வந்துட்டேன் சார், இந்த மைனஸ் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியல" என்று கேட்கிற பிள்ளையை எந்த ஆசிரியரும் விரட்டியதை நான் பார்த்ததில்லை. கேட்கும்போது பெயரையும் பிரிவையும் சொல்லுங்கள். இருநூறு முகங்களுக்கு நடுவில் அது அவருக்குப் பெரிய உதவி.

நேரமும் முக்கியம். ஒரு வகுப்பை முடித்துவிட்டு அடுத்ததற்கு ஓடும்போது மறித்தால் பாதிப் பதில்தான் கிடைக்கும். "சார், ஒரு சந்தேகம், எப்போ வரட்டும்?" என்று கேட்டுவிட்டு, அவர் சொன்ன நேரத்தில் போய் நில்லுங்கள். சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும் பிள்ளைமேல் ஆசிரியருக்குத் தனி மதிப்பு வரும்.

கேட்கத் தயங்குவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு ப்ளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்கு வந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்க வராமலே ஓர் ஆண்டை ஓட்டிவிடுகிறார்கள். தமிழிலேயே கேளுங்கள், எங்களுக்கும் அதுதான் வசதி. இன்னொரு காரணம் பக்கத்து பெஞ்சு. ஆசிரியர் அறைப் பக்கம் இரண்டு தடவை போய்வந்தால் போதும், "சோப்பு போடுறான்", "ஜால்ரா" என்று பட்டம் கட்டிவிடுவார்கள். அந்த வயதில் அது சுருக்கென்று குத்தும், எனக்குத் தெரியும். தனியாகப் போகாமல் அதே சந்தேகம் உள்ள நண்பனையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேலி செய்தவர்களே தேர்வு நெருங்கும்போது உங்கள் நோட்டைக் கேட்டு வருவார்கள். எதிர்த்துக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வீட்டில் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகளும் உண்டு. நம் பழைய இலக்கணமான நன்னூல், பாடம் கேட்கும் முறையைச் சொல்லும் இடத்தில் 'வினாதல், வினாயவை விடுத்தல்' என்று இரண்டையும் மாணவனின் கடமையாகவே சொல்கிறது. கேட்கவும் வேண்டும், கேட்டால் பதில் சொல்லவும் வேண்டும்.

ஆய்வகத்தில் இந்த உறவு இன்னும் வேகமாக வளரும், அல்லது வேகமாகக் கெடும். ப்ளஸ் டூ செய்முறையில் நிறமாலைமானி உண்டு, முப்பட்டகக் கண்ணாடியில் (பிரிசம்) பட்ட ஒளியின் கோணங்களைத் தொலைநோக்கி வழியாக அளக்கும் கருவி. முப்பட்டகத்தின் கோணம் 60 டிகிரி வர வேண்டும் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். அண்ணன், அக்காவின் ரெக்கார்டு நோட்டும் கையில் இருக்கும். அதனால் தொலைநோக்கியில் கண்ணை வைக்காமலே 60 என்று எழுதிக்கொண்டு வந்து நீட்டுவார்கள். முப்பட்டகத்தின் இரண்டு பக்கமும் பட்டுத் திரும்பும் ஒளிக்கு எடுத்த அளவீடுகளின் வித்தியாசம் அந்தக் கோணத்தைப் போல இருமடங்கு, அதைப் பாதியாக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் விடை மட்டும் சரியாக இருக்கும். ஒரு பையன் மட்டும் 54 என்று கொண்டுவந்து, "எத்தனை தடவை எடுத்தாலும் இதான் சார் வருது" என்றான். போய்ப் பார்த்தால் முப்பட்டக மேடையின் திருகை அவன் இறுக்கவே இல்லை, கை படும்போதெல்லாம் மேடை நகர்ந்திருக்கிறது. இறுக்கிவிட்டு மறுபடி எடுத்தான், 60க்குப் பக்கத்தில் வந்தது. தவறான அளவைத் தைரியமாகக் கொண்டுவந்த அந்தப் பையன் பின்னால் "சார், நேத்து ரெக்கார்டு எழுத முடியல, வீட்டுல பிரச்சினை" என்றபோது நான் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. பொய் அளவு எழுதித் தப்பிக்கிற பிள்ளை அதையே சொன்னால் எந்த ஆசிரியரும் ஒரு நொடி யோசிப்பார்.

இந்த இரண்டு ஆண்டுகளில் வீட்டில் எவ்வளவோ நடக்கும். அப்பாவுக்கு வேலை போகும், அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பார், சில பையன்கள் இரவில் கடையிலோ பட்டறையிலோ வேலைக்குப் போய்விட்டு முதல் பாடவேளையில் தூங்கி விழுவார்கள். வெளியில் இருந்து பார்க்கும் ஆசிரியருக்கு அது அலட்சியமாகத்தான் தெரியும். எல்லாக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. "வீட்டுல சூழ்நிலை சரியில்லை சார், ஒரு மாசம் இப்படித்தான் இருக்கும்" என்று வகுப்பாசிரியரிடம் ஒரு வரி சொன்னால் போதும். வருகைப் பதிவு, உதவித்தொகை விண்ணப்பம், சான்றிதழ் என்று பள்ளியின் அத்தனை காகிதமும் அவர் கையைத் தாண்டித்தான் போகிறது. தெரிந்தால் செய்வார்.

திட்டு விழும். எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றம், நலத்திட்டப் பட்டியல், தேர்தல் பணி என்று பாடத்துக்கு வெளியே ஆசிரியர் தலையில் ஏறும் வேலை கொஞ்சநஞ்சம் இல்லை. அந்த எரிச்சலில் குற்றம் செய்யாத பிள்ளைமேலும் சில நாள் வார்த்தை விழும். அந்த இடத்திலேயே எதிர்த்துப் பேசினால் ஐம்பது பேர் முன்னால் இரண்டு பேரும் இறங்கி வர முடியாது. மறுநாள் தனியாகப் போய், "நேத்து பேசினது நான் இல்ல சார், எனக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்று சொல்லுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் அதோடு தணிந்துவிடுவார்கள். சிலர் வாய்விட்டே "சரிப்பா, விடு" என்பார்கள்.

நோட்டு எழுதாததற்குத் திட்டுவது வேறு. சாதியை, நிறத்தை, அப்பாவின் தொழிலை, உடம்பைச் சொல்லித் திட்டுவது வேறு. இரண்டாவதைப் பொறுத்துக்கொள்வது பணிவு ஆகாது. அடிப்பதும் அப்படித்தான். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போகும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத்தை வதைப்பதையும் தடை செய்திருக்கிறது. அந்தச் சட்டம் 14 வயது வரை என்பதால் மேல்நிலைப் பிள்ளையை அடிக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அடிக்கு பயந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளை சந்தேகம் கேட்க எழுந்து நிற்காது.

அடுத்ததை மாணவர்களும் பெற்றோரும் நிதானமாகப் படிக்க வேண்டும். ஆசிரியரோடு உள்ள நல்ல உறவு நாலு பேர் பார்க்க நடப்பது. கதவு திறந்திருக்கும் ஆசிரியர் அறை, வராந்தா, வகுப்பு வாட்ஸ்ஆப் குழு ஆகியவை போதும். இரவில் தனியாகச் செய்தி அனுப்புவது, படம் கேட்பது, "இதை வீட்டுல சொல்லாதே" என்பது, மதிப்பெண்ணைக் காட்டித் தனியாக வரச் சொல்வது, தேவையில்லாமல் தொடுவது: இவற்றில் எது நடந்தாலும் அது பாசம் இல்லை. அவர் எவ்வளவு நன்றாகப் பாடம் நடத்துகிறவராக இருந்தாலும் சரி. செய்தியை அழிக்காதீர்கள். அம்மாவிடமோ நம்பும் இன்னொரு ஆசிரியரிடமோ அன்றைக்கே சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும் இருக்கிறது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் சம்மதம் கணக்கிலேயே வராது, பள்ளியில் பணிபுரிகிறவரே செய்தால் தண்டனை இன்னும் கடுமை. பள்ளியின் பெயர் கெடும் என்று மூடி மறைப்பதும் அதே சட்டப்படி குற்றம். குற்றவுணர்ச்சி பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம்.

டியூஷன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். "சார்கிட்ட டியூஷன் சேரலைன்னா கண்டுக்க மாட்டார்" என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு தடுக்கிறது. சேராததற்காக யாரும் கூச வேண்டாம், வகுப்பில் சந்தேகம் கேட்பது உங்கள் உரிமை.

அப்புறம், ஏற்கெனவே கசந்துபோன பிள்ளைகள். ஏதோ ஒரு நாள் பேச்சு முற்றி, ஆசிரியரும் முகம் கொடுப்பதில்லை, பிள்ளையும் பார்ப்பதில்லை. இப்படி ஆனவர்களில் பலர் அடுத்துச் செய்வது அந்தப் பாடத்தையே கைவிடுவது. கெமிஸ்ட்ரி மிஸ் மேல் உள்ள கோபத்தில் கெமிஸ்ட்ரி புத்தகத்தைத் திறக்காமல் இருந்து, ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தபோது அந்த ஒரு பாடத்தால் விரும்பிய படிப்பை விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பழையதைப் பேசித் தீர்க்க வாய் வரவில்லை என்றால் பேசவே வேண்டாம். அடுத்த பாடத்தில் ஒரு கணக்கைப் போட்டு, நின்ற இடத்தில் கோடு போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். "என்ன?" என்று அவர் விறைப்பாகக் கேட்கலாம். பதில் சொல்லாமல் நோட்டை நீட்டுங்கள். நோட்டைப் பார்த்துவிட்டால் ஆசிரியர் கை பேனாவைத் தேடும். அப்படியும் திருப்பி அனுப்பினால், அதே பாடம் எடுக்கும் வேறு பிரிவு ஆசிரியரிடம் போங்கள், அவரிடம் முதல் ஆசிரியரைப் பற்றிக் குறை சொல்லாமல் சந்தேகத்தை மட்டும் கேளுங்கள். வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், தேவைப்பட்டால் தலைமை ஆசிரியரிடம் அவரே பேசுவார். அரையாண்டுத் தேர்வு வரை தள்ளிப்போடாமல் இந்த வாரமே போங்கள்.