பெட்டி நல்லாத்தான் இருக்கு சார், சத்தம்தான் வரலை

கூரியரில் போய் ஊமையாகி என்னிடம் ரிப்பேருக்கு வந்ததில் இந்த மாதத்தில் இது நான்காவது. டவர் ஸ்பீக்கர் ஜோடி, வெளியே ஒரு கீறல்கூட இல்லை, பாலிஷில் முகம் பார்க்கலாம். கொண்டு வந்தவர் சொன்னதுதான் மேலே தலைப்பில் இருப்பது. நான் ஒன்றும் பேசாமல் முதல் பெட்டியின் வூஃபரில், அதாவது அடிச்சத்தம் தரும் பெரிய வட்டத்தில், இரண்டு கை விரல்களையும் கோன் எனப்படும் கூம்பின் நடுவைச் சுற்றிச் சமமாக வைத்து லேசாக அழுத்திக் காட்டினேன். சத்தமே இல்லாமல் உள்ளே போய்த் திரும்பி வந்தது. அதையே இரண்டாவது பெட்டியில் செய்தேன். சுவரை அழுத்துவது போல இருந்தது. கழற்றிப் பார்த்தால், பின்னால் ஒட்டியிருந்த காந்தம் பசை விட்டு ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறது. கோனை அசைக்கிற கம்பிச் சுருளான காயிலுக்கும் அதைச் சுற்றியிருக்கும் இரும்புக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. காந்தம் ஒரு துளி நகர்ந்தால் போதும், காயில் கவ்விக்கொள்ளும்.

எப்படி பேக் பண்ணினீர்கள் என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "ஆறு சுற்று பபிள் ராப் சார், மேலே அட்டைப்பெட்டி, நாலு பக்கமும் உடையும் பொருள் ஸ்டிக்கர்." பபிள் ராப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. கீறல் விழாமல் பார்ப்பது அதன் வேலை, கீறல் விழவில்லை. இருபது கிலோ பெட்டி கீழே விழும்போது அந்தக் காற்றுக் குமிழ்கள் பட்பட்டென்று வெடித்துத் தாளாகிவிடும், அப்புறம் அங்கே ஒன்றுமே இல்லை.

என்னை மிகவும் எரிச்சல்படுத்துவது இதுகூட இல்லை. "கெட்டியான மரப்பெட்டி சார், அதுக்கு என்ன ஆகப்போகுது?" என்ற கேள்விதான். கண்ணாடிக் குவளையை அனுப்பும்போது பத்துத் தடவை யோசிக்கிறவர்கள், ஸ்பீக்கர் என்றால் கனமாக இருக்கிறது, அதனால் தாங்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தலைகீழான கணக்கு இது. ஸ்பீக்கரை உடைப்பதே அதன் சொந்தக் கனம்தான். வூஃபரின் விளிம்பு மட்டும்தான் முன்பலகையில் திருகப்பட்டிருக்கிறது. கனமெல்லாம் பின்னால் அந்தரத்தில் தொங்கும் காந்தத்தில் இருக்கிறது. பெட்டி அடிப்பக்கமாகத் தரையில் மோதி நின்றுவிடும், காந்தம் நிற்க மனமில்லாமல் கீழே போகப் பார்க்கும். அந்த இழுப்பைத் தாங்க வேண்டியது ஒரு தகரச் சட்டமும், ஒரு பூச்சுப் பசையும், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகைக்குள் இறங்கிய நாலு ஸ்க்ரூவும்.

கணக்காகவே சொல்கிறேன். பேக்கிங்கைச் சோதிப்பதற்கென்று 'இஸ்டா' என்ற அமைப்பின் விதிமுறைகள் இருக்கின்றன. அதில் அடிப்படையான 1ஏ சோதனையில் 19 முதல் 28 கிலோ வரையிலான பெட்டியை 46 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்துத் தடவை போடுவார்கள்: ஒரு மூலை, மூன்று விளிம்புகள், ஆறு பக்கங்கள். முழங்கால் உயரம்தான், யாரும் ஓங்கி எறிவதாகக் கணக்கில்லை. அந்த உயரத்திலிருந்து விழுகிற பெட்டி 5 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால், அதாவது நசுங்கிய பபிள் ராப்பும் ஓர் அட்டையும் மட்டும் இருந்தால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் அந்த நொடியில் சராசரியாகத் தன் எடையைப் போல 90 மடங்குக்கும் மேல் கனக்கும். 3 கிலோ காந்தம் 270 கிலோவுக்கு மேல். அதே பெட்டிக்கு அடியில் நல்ல ஃபோம் இருந்து, அது இரண்டரை சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால் இந்த 90 மடங்கு இருபதுக்கும் கீழே வந்துவிடும். பேக்கிங் என்பது இதுதான். சுற்றி மூடுவது இல்லை, நிற்பதற்கு இடம் கொடுப்பது.

ஸ்டிக்கர் பற்றி ஒரே வரி: கன்வேயர் பெல்ட்டுக்குப் படிக்கத் தெரியாது.

சரி, நேரடியாக வேலைக்கு வருவோம். ஸ்பீக்கரை முதலில் லேசாகச் சாய்த்துக் காது கொடுத்துக் கேளுங்கள். உள்ளே எதுவாவது உருண்டால் அனுப்பவே கூடாது. அடிச்சத்தத்தையும் மேல்ஸ்தாயியையும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் பலகையில் இருக்கும் செம்புக்கம்பிச் சுருள்கள் கனமானவை. பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், பழைய ஸ்பீக்கர்களில் அந்தப் பசை பொரிந்துபோயிருக்கும். வழியில் அது கழன்றால் பெட்டிக்குள்ளேயே உருண்டு கோனைப் பின்னாலிருந்து கிழிக்கும். முன்பலகை ஸ்க்ரூக்கள் தளர்ந்திருந்தால் இறுக்கிக்கொள்ளுங்கள், ஆனால் பலத்தைக் காட்ட வேண்டாம், எம்.டி.எஃப். மரை ஒரு முறை பொடிந்தால் அப்புறம் பிடிக்காது.

அடியில் இருக்கும் கூர்முனைக் கால்களையும் முன்பக்க வலைமூடியான கிரில்லையும் கழற்றித் தனியாகப் பேக் பண்ணுங்கள். கழற்றிய ஸ்க்ரூக்களைப் பையில் போட்டுப் பெட்டியின் காற்றுத்துளைக்குள் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பை கிழிந்து மூன்று ஸ்க்ரூ காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்த ஸ்பீக்கரை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். கிரில் இருந்த இடத்தில் முன்பக்கம் முழுவதையும் மூடுகிற அளவுக்கு ஒரு கெட்டியான அட்டையோ மெல்லிய பலகையோ வையுங்கள். ஓரங்களில் ஃபோம் துண்டு வைத்து உயர்த்தினால் கோனையும் மேல்ஸ்தாயி தரும் ட்வீட்டரின் மெல்லிய குமிழையும் எதுவும் தொடாது. அந்தக் குமிழ் ஒரு விரல் பட்டாலே குழிந்துவிடும், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பாலிஷ் போட்ட மரத்தின் மேல் பபிள் ராப்பை நேராகச் சுற்றாதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் இரண்டு நாள் இருந்தால் வட்ட வட்டமாகத் தடம் பதியும், துடைத்தாலும் போகாது. முதலில் மெல்லிய ஃபோம் தாள், அப்புறம் ஈரம் புகாமல் ஒரு பிளாஸ்டிக் உறை, டேப் எந்த இடத்திலும் மரத்தில் படக்கூடாது. டேப்போடு வெனீர் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாள்) உரிந்து வந்தால் அதற்கு என்னிடம் மருந்தில்லை.

அடுத்து இரண்டு அட்டைப்பெட்டி. உள்பெட்டி ஸ்பீக்கரை இறுக்கமாகப் பிடிக்க வேண்டும், வெளிப்பெட்டி குறைந்தது ஐந்து பிளை (ஐந்து அடுக்கு அட்டை), கனமான டவர் என்றால் ஏழு பிளை. இரண்டுக்கும் நடுவே ஆறு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் கெட்டி ஃபோம், மூலைகளில் எல் வடிவத் துண்டுகள். ஏனென்றால் பெட்டி மூலையிலும் விழும். தெர்மாகோல் மணிகளைக் கொட்டி நிரப்பாதீர்கள். வண்டி ஆடுகிற ஆட்டத்தில் கனமான பொருள் மணிகளை விலக்கிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும், மணியெல்லாம் மேலே மிதக்கும். கசக்கிய செய்தித்தாளும் அப்படித்தான், ஒருமுறை அமுங்கினால் எழாது. மூடி டேப் போட்டபின் ஆட்டிப் பாருங்கள், ஒரு விரல்கடை அசைந்தாலும் பிரித்துத் திரும்ப அடையுங்கள்.

இங்கேதான் எல்லோரும் பின்வாங்குகிறார்கள், காரணமும் எனக்குத் தெரியும். பல கூரியர்களில் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அது நிஜ எடையைவிட அதிகம் என்றால் அதைத்தான் எடையாகக் கணக்கு வைப்பார்கள். 100, 25, 35 அளவுள்ள டவர் பதினேழரை கிலோ. சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் கூட்டினால் 110, 35, 45. கிட்டத்தட்ட 35 கிலோ. இரட்டிப்பு! வலிக்கத்தான் செய்யும். ஆனால் அங்கே மிச்சம் பிடித்த பணத்தைத்தான் பிறகு கொண்டுவந்து என்னிடம் கொடுக்கிறார்கள், எனக்கே அது சங்கடமாக இருக்கிறது. ஜோடியாகக் கனமான டவர்கள் என்றால் கூரியரை விட்டுவிட்டு மரப் பேலட்டில் (ஃபோர்க்லிஃப்ட் தூக்குகிற மரத் தட்டில்) கட்டி லாரி சரக்கில் போடுவது நல்லது. ஃபோர்க்லிஃப்டில்தான் தூக்கியாக வேண்டும் என்றால் யாரும் அதைக் கையால் உருட்டப்போவதில்லை.

பதினைந்து, பதினெட்டு இன்ச் வூஃபர் உள்ள பெட்டிகளுக்கு என் யோசனை: வூஃபரைக் கழற்றித் தனிப்பெட்டியில் அனுப்புங்கள். எந்த ஒயர் எந்த முனையில் என்று கழற்றும் முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது மர ஸ்க்ரூவை முதலில் கழற்றும் பக்கமாகவே மெதுவாகச் சுற்றினால் ஒரு இடத்தில் 'டக்' என்று பழைய மரையில் இறங்கும், அதற்குப் பிறகு முடுக்குங்கள். கழற்றிய வூஃபரின் இரண்டு முனைகளையும் ஒரு சின்ன ஒயரால் இணைத்துவிட்டால் கோன் வழியில் அதிகம் துள்ளாது, காயில் தனக்குத்தானே பிரேக் போட்டுக்கொள்ளும். நம்ப முடியவில்லையா, ஒயர் இருக்கும்போதும் இல்லாதபோதும் கோனைத் தட்டிப் பாருங்கள். ஆனால் அந்த ஒயரை எடுக்காமல் ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் அடுத்து ஆம்ப்ளிஃபயரும் என்னிடம்தான் வரும். கண்ணில் படுகிற மாதிரி ஒரு சீட்டு ஒட்டி அனுப்புங்கள்.

பேட்டரி உள்ள பார்ட்டி ஸ்பீக்கர்களை மறைத்து அனுப்பாதீர்கள். லித்தியம் பேட்டரிக்கு விமானத்தில் தனி விதிகள் உண்டு. 100 வாட்-ஹவருக்கு மேல் போனால் முழு அபாயப் பொருளாகவே நடத்துவார்கள். அளவு ஸ்பீக்கரின் அடியிலோ கையேட்டிலோ இருக்கும், பார்த்துக் கூரியரிடம் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ் போட்டால் போதும் என்பவர்களுக்கு: 'போதிய பேக்கிங் இல்லை' என்று ஒரு வரி எழுதி நிராகரிப்பார்கள். ஒவ்வொரு அடுக்கையும், சீரியல் எண்ணையும், ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருப்பதையும் படம் எடுத்து வையுங்கள். வாங்குகிறவர் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. பிரித்தவுடன் பாட்டுப் போட்டுப் பார்க்கத் தோன்றும், பொறுங்கள். நான் செய்ததைப் போல முதலில் கோனை அழுத்திப் பாருங்கள். கரகரவென்று உரசினாலோ அசையாவிட்டாலோ கரண்ட் கொடுக்க வேண்டாம், காயிலும் கருகினால் பிறகு வழியில் ஆனதா, வீட்டில் ஆனதா என்று யாரிடமும் நிரூபிக்க முடியாது.

அந்த டவர் ஜோடி இன்னும் இங்கேதான் இருக்கிறது. அந்த வூஃபரின் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஒன்றுக்கு மட்டும் வேறு மாடல் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்காது, அதனால் நல்லாயிருந்த பெட்டியின் வூஃபரையும் கழற்றி இரண்டுக்கும் புதிதாகப் போடப்போகிறேன். திருப்பி அனுப்ப வேண்டியதும் கூரியரில்தான். ஃபோம் வெட்டி வைத்துவிட்டேன். "இவ்வளவு பெரிய பெட்டியா சார்?" என்று அவர் நேற்று போனில் மறுபடி கேட்டார்.