ஆரம்ப சுகாதார நிலையத்தின் திறனை எப்படி அளக்கிறார்கள்? தேசியத் தர உறுதிச் சான்று பற்றிய விளக்கம்

'தேசியத் தர உறுதிச் சான்று பெற்ற நிலையம்' என்ற பலகையைச் சில ஆரம்ப சுகாதார நிலையங்களின் வாசலில் பார்த்திருப்பீர்கள். எதை அளந்து அந்தச் சான்றைக் கொடுக்கிறார்கள், யார் வந்து அளக்கிறார்கள், அந்த அளவீட்டில் ஊர்மக்களுக்கு என்ன பங்கு என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்துகொண்டால் நம் ஊர் நிலையத்தைப் பற்றிச் சரியான கேள்விகளைக் கேட்க முடியும்.

முதலில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 1,20,000 பேருக்கு ஒரு சமுதாய சுகாதார நிலையம் என்பதும், மலைப்பகுதிகளிலும் பழங்குடியினர் வாழும் பகுதிகளிலும் இவை முறையே 3,000, 20,000, 80,000 என்பதும் அரசின் மக்கள்தொகை விதி. ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை பணியாளர்கள், என்னென்ன கருவிகள், எந்தெந்த மருந்துகள் இருக்க வேண்டும் என்பதை 2007-இல் வெளியாகி 2012-இலும் 2022-இலும் திருத்தப்பட்ட இந்தியப் பொதுச் சுகாதாரத் தரநிலைகள் சொல்கின்றன. ஆனால் கட்டடமும் ஆளும் மருந்தும் இருந்தும் வேலை நடக்காத நிலையங்கள் உண்டு. இருப்பதைக் கொண்டு என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்து அளக்கவே தேசியத் தர உறுதித் திட்டம் வந்தது. 2013-இல் மாவட்ட மருத்துவமனைகளில் தொடங்கி, 2014-இல் ஆரம்ப, சமுதாய சுகாதார நிலையங்களுக்கும், 2020-இல் துணை நிலையங்களுக்கும் அது விரிந்தது.

கிடைக்கும் சேவைகள், நோயாளியின் உரிமைகள், ஆள்பலமும் கருவிகளும், துணைச் சேவைகள், சிகிச்சை முறை, தொற்றுத் தடுப்பு, தர நிர்வாகம், விளைவுகள் என எட்டுப் பிரிவுகளின் கீழ் கேள்விகள் அமைந்துள்ளன. ஒவ்வொரு கேள்விக்கும் முழுமையாக இருந்தால் 2, பாதி இருந்தால் 1, இல்லையென்றால் 0. நேரில் பார்ப்பது, பணியாளரைக் கேட்பது, பதிவேட்டைப் புரட்டுவது, நோயாளியிடம் பேசுவது என்ற நான்கு வழிகளில்தான் மதிப்பெண் போட வேண்டும். தலைமை மருத்துவர் வாயால் சொல்வது மட்டும் போதாது.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு மருந்தகத்தைச் சொல்லலாம். மதிப்பீட்டாளர் இருப்புப் பதிவேட்டில் ஒரு மாத்திரையின் பெயரைக் காட்டி, அலமாரியில் உள்ள அட்டைகளை எண்ணச் சொல்வார். எண்ணிக்கை பொருந்துகிறதா, முதலில் காலாவதியாகும் அட்டை முன்வரிசையில் இருக்கிறதா என்று பார்ப்பார். பக்கத்து அறையில் தடுப்பூசிகள் வைக்கும் குளிர்பெட்டியின் வெப்பமானியை எடுத்துப் பார்ப்பார். அது 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், காலையும் மாலையும் எழுதிய குறிப்பு இருக்க வேண்டும். ஒரு மாதத்துக் குறிப்பு முழுவதும் ஒரே மையில், ஒரே அளவாக, ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க அனுபவமுள்ள கண்ணுக்கு ஒரு நிமிடம் போதும். பிரசவ அறையில், பிரசவ வலி தீவிரமாகும் கட்டத்திலிருந்து தாயின் நிலையையும் குழந்தையின் இதயத்துடிப்பையும் குறிக்கும் வரைபடத்தைக் கேட்பார். பிரசவம் நடந்துகொண்டிருக்கும்போதே குறிக்கப்பட வேண்டிய படம் அது. முடிந்தபின் நிரப்பினால் ஆபத்தை முன்கூட்டியே அறிய அது உதவாது.

எட்டாவது பிரிவான விளைவுகளில்தான் திறன் என்ற சொல் நேரடியாக வருகிறது. உற்பத்தித்திறன், செயல்திறன், சிகிச்சையும் பாதுகாப்பும், சேவைத் தரம் என்று அதை நான்காகப் பிரித்திருக்கிறார்கள். இந்தப் பிரிவினை மிக முக்கியம் என்று நான் கருதுகிறேன். ஒரு நாளில் எத்தனை புறநோயாளிகள் வந்தார்கள் என்பது வேலையின் அளவை மட்டும் காட்டும். அதையே திறன் என்று எடுத்துக்கொண்டால், ஒவ்வொருவருக்கும் ஒன்றரை நிமிடம் ஒதுக்கி இருநூறு பேரை அனுப்பிவைக்கும் நிலையம் சிறந்ததாகவும், ஜவ்வாது மலையில் வீடு வீடாக ஏறி இறங்கி ஒரு நாளில் பத்துக் குடும்பங்களை மட்டும் பார்க்கும் கிராம சுகாதார செவிலியர் மந்தமானவராகவும் தெரிவார்கள்.

இரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு நிலையத்தில் 600 பேர் பதிவாகியிருக்கிறார்கள், அவர்களில் கடந்த மூன்று மாதங்களில் 400 பேர் வந்தார்கள், வந்தவர்களில் 300 பேருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழே இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர்களை மட்டும் கணக்கிட்டால் 75 விழுக்காடு. பதிவான அனைவரையும் கணக்கிட்டால் 50 விழுக்காடு. இரண்டாவது கணக்கே நேர்மையானது, ஏனென்றால் வராமல் நின்றுபோன அந்த 200 பேரில்தான் பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் ஆளாகக்கூடியவர்கள் அதிகம். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசெல்வதன் பயனையும் இந்தக் கணக்கை வைத்தே எடைபோட வேண்டும்.

மதிப்பீடு மூன்று படிகளில் நடக்கிறது. நிலையமே தன்னை மதிப்பிட்டுக்கொள்ளும். பிறகு மாநிலக் குழு பார்க்கும். கடைசியாக, தேசியப் பட்டியலில் உள்ள வெளி மதிப்பீட்டாளர்கள் வருவார்கள். மொத்த மதிப்பெண் 70 விழுக்காட்டை எட்டுவது அடிப்படை நிபந்தனை. அதோடு பிரிவுவாரியான நிபந்தனைகளும் உண்டு. சான்று மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும், இடைப்பட்ட ஆண்டுகளில் மாநிலக் குழுவின் மறு ஆய்வு உண்டு. சான்று பெற்ற நிலையத்துக்கு ஊக்கத்தொகையும் கிடைக்கும். துணை நிலையங்களுக்கு 2024 ஜூன் முதல் இணையவழி மதிப்பீடும் அனுமதிக்கப்பட்டுள்ளது. ஆயிரக்கணக்கான நிலையங்களை விரைவாகப் பார்க்க அது தேவைதான். ஆனாலும் கேமரா காட்டும் பக்கத்தை மட்டுமே மதிப்பீட்டாளர் பார்க்க முடியும் என்பதால், குலுக்கல் முறையில் சில நிலையங்களுக்காவது நேரில் போய்ப் பார்ப்பது அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

மதிப்பீட்டு நாளில் உங்களிடம் கேள்வி கேட்டால் தயங்காமல் நடந்ததைச் சொல்லுங்கள். வெளியில் மருந்து வாங்கச் சொன்னார்களா, பரிசோதனையின்போது திரை இருந்ததா, யாராவது பணம் கேட்டார்களா என்பதெல்லாம் மதிப்பெண்ணில் சேரும். அதற்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. 2007 முதல் 2009 வரை தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் நடந்த மக்கள் கண்காணிப்பு முன்னோடித் திட்டத்தில், கிராமத்தினரே கூடி ஒவ்வொரு சேவைக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறம் கொடுத்து அறிக்கை அட்டை தயாரித்தார்கள். அதைச் செய்ய மருத்துவப் படிப்புத் தேவைப்படவில்லை. இன்றும் ஒவ்வொரு கிராமத்துக்கும் சுகாதாரக் குழு ஒன்று இருக்க வேண்டும். உங்கள் நிலையம் எந்த ஆண்டு சான்று பெற்றது, கடைசி ஆய்வில் எந்தப் பிரிவில் எத்தனை மதிப்பெண் குறைந்தது என்ற விவரங்களைக் கிராம சபையில் கேட்கலாம். அங்கே பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் மனு கொடுங்கள். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மனுவில் மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், விளைவுகள் பிரிவின் மதிப்பெண்ணைத் தனியாகக் கேட்டு எழுதுங்கள்.