ஐஸ் ஹாக்கி சங்கத்துக்குக் கட்டும் பணத்தை யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

அமெரிக்காவில் வரிக் கணக்கு பார்க்கும் என்னிடம் மார்ச் மாதத்தில் தவறாமல் வரும் கேள்வி இது: "அண்ணா, பையனோட ஹாக்கி சங்கத்துக்கு இவ்வளவு கட்டியிருக்கேன். அது லாப நோக்கமில்லாத அமைப்புதானே, நன்கொடைன்னு காட்டிடலாமா?" முடியாது. உங்கள் பிள்ளை விளையாடுவதற்காகக் கொடுத்த பணம் கட்டணம்தான், யாருக்குக் கொடுத்தாலும். (கோடையில் பகல் நேர ஹாக்கி முகாமுக்கு அனுப்பியிருந்தால் சொல்லுங்கள். பிள்ளைக்கு 13 வயது நிரம்பவில்லை, பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் அது குழந்தைப் பராமரிப்புச் செலவில் சேரும். இரவு தங்கும் முகாம் சேராது.)

பதில் சொன்ன கையோடு நானும் ஒன்று கேட்பேன். அந்தச் சங்கத்தின் கணக்கை யார் பார்க்கிறார்கள்? அநேகமாக வரும் பதில், "யாரோ ஒரு பையனோட அப்பா பார்க்கிறாராம்."

சிறு சங்கங்களின் சிக்கல் பனித்தளத்தில் தொடங்குகிறது. ரிங்கை மணிக்கணக்கில்தான் வாடகைக்கு எடுக்க வேண்டும். மணிக்கு 300 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 15 பிள்ளைகள் இருந்தால் தலைக்கு 20. ஐந்து பேர் பக்கத்து ஊரின் பெரிய கிளப்புக்குப் போய்விட்டால் மீதிப் பத்துப் பேருக்குத் தலைக்கு 30. கட்டணம் ஏறியதும் இன்னும் இரண்டு குடும்பங்கள் விலகும், அடுத்த சீசனில் மறுபடி ஏறும். போகிறவர்களில் கோல் காப்பாளர் இருந்துவிட்டால் அணியே நிற்காது. அதனால்தான் பல சங்கங்கள் பக்கத்து ஊரோடு சேர்ந்து கூட்டு அணி போடுகின்றன. எட்டு வயதுக்கு உட்பட்டவர்களை ரிங்கின் குறுக்கே, சிறிய பரப்பில் ஆடவிடும் முறையை, அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் தலைமை அமைப்பான யுஎஸ்ஏ ஹாக்கி 2009 முதல் முன்னெடுத்து வருகிறது. முழு ரிங்க் கிடைக்கவில்லை என்று குறைப்படும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளைக்குப் பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் வட்டு) அதிகம் கிடைப்பது ஒருபுறம் இருக்கட்டும், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அணிகள் தளத்தைப் பகிர்வதால் உங்கள் செலவும் குறைகிறது.

இப்படி இழுத்துப் பிடித்து ஓடும் சங்கத்தில் பொருளாளர் பதவிக்குப் போட்டி இருக்காது. ஒருவர் ஒப்புக்கொண்டாரே என்ற நிம்மதியில், அவர் பிள்ளை விளையாடி முடிக்கும் வரை எல்லாவற்றையும் அவர் தலையிலேயே கட்டிவிடுவார்கள். காசோலை எழுதுவது, வங்கியில் போடுவது, ஸ்டேட்மெண்ட் வாங்குவது, செயற்குழுவுக்கு அறிக்கை தருவது எல்லாம் அவரே. அப்படி நடந்த ஒரு சங்கத்தின் கோப்பு என்னிடம் வந்தது. மாதாமாதம் கொடுக்கப்பட்ட அறிக்கை ஒரு பக்க எக்செல் தாள். வங்கி ஸ்டேட்மெண்ட் ஒன்றுகூட அதில் இணைக்கப்படவில்லை. 'நடுவர் ஊதியம்' என்ற வரியில் ரொக்கமாக எடுத்த தொகை, ஆட்டமே இல்லாத மாதத்திலும் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கக் கணக்கியல் படிப்பு தேவையில்லை, ஆட்ட அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். யாரும் பார்க்கவில்லை. பொருளாளர் நல்லவர் என்பதில் எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது.

"காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும்னு விதி இருக்கே" என்பார்கள். பெரும்பாலான வங்கிகள் இரண்டாவது கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதேயில்லை. ஆன்லைனில் அனுப்பும் பணத்துக்குக் கையெழுத்தே கிடையாது. இதைவிடப் பயனுள்ளது, காசோலை எழுதும் அதிகாரம் இல்லாத இன்னொரு உறுப்பினருக்கு வங்கிக் கணக்கைப் பார்க்க மட்டும் அனுமதி வாங்கித் தருவது. மாதம் ஒருமுறை அவர் கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

அணி மேலாளர் போட்டிச் செலவுக்காகத் பணம் அனுப்பும் செயலியில் உள்ள தன் சொந்தக் கணக்கில் வசூலிப்பதும் இதே வகைதான். சங்கத்தின் ஏட்டில் அந்தப் பணம் ஏறாது. மிச்சம் என்ன ஆனது என்று சீசன் முடிவில் கேட்டால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

நிதி திரட்டலில் பலருக்குத் தெரியாத ஒரு பள்ளம் உண்டு. பாப்கார்ன் விற்றுக் கொடுத்த குடும்பத்துக்கு அந்த லாபத்தை அதன் கட்டணத்திலேயே கழித்துக்கொடுப்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் 501(சி)(3) பிரிவில் வரிவிலக்கு பெற்ற அமைப்பு தனிக் குடும்பங்களின் நலனுக்காக இயங்கக் கூடாது. கேப்பிடல் ஜிம்னாஸ்டிக்ஸ் பெற்றோர் கிளப் இப்படித்தான் புள்ளிகள் கொடுத்து, விற்ற குடும்பத்துக்கே கழிவு தந்துவந்தது. அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் அதன் வரிவிலக்கைப் பறித்தது; 2013இல் வரி நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. திரட்டிய பணத்தை எல்லோருடைய கட்டணத்தையும் குறைக்கப் பயன்படுத்தலாம், வசதியில்லாத குடும்பத்துக்கு உதவித்தொகையாகவும் கொடுக்கலாம். விற்றவருக்கு விற்ற அளவுக்கு என்று மட்டும் வேண்டாம்.

அடுத்தது ஆண்டுப் படிவம். வழக்கமாக ஆண்டு வரவு 50,000 டாலருக்குள் இருக்கும் சங்கத்துக்கு 990-என் என்ற சின்ன மின்படிவம் போதும். கட்டணம் இல்லை, பத்து நிமிட வேலை. நிதியாண்டு ஏப்ரல் 30இல் முடிந்தால் செப்டம்பர் 15க்குள் அனுப்ப வேண்டும். பொருளாளர் மாறும்போது கடவுச்சொல் கைமாறாமல் போய், தொடர்ந்து மூன்று ஆண்டு விட்டுப்போனால், வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். அந்தச் சட்டத்தின்படி 2011இல் முதல் பட்டியல் வந்தபோது சுமார் 2,75,000 அமைப்புகள் அதில் இருந்தன. உங்கள் சங்கத்தின் நிலையை ஐஆர்எஸ் தளத்தில் பெயரைத் தட்டி யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

நம்மவர்கள் 'நமக்கெதுக்கு வம்பு' என்று பின்வரிசையில் உட்கார்ந்துவிடுகிறோம். இவ்வளவுக்கும் நம்மில் பாதிப் பேர் அலுவலகத்தில் நாள் முழுக்க எண்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மூன்றைக் கேளுங்கள்: கடந்த நிதியாண்டின் வரவு செலவை பட்ஜெட்டோடு ஒப்பிட்ட தாள், ஆண்டுக் கடைசி மாதத்தின் வங்கி ஸ்டேட்மெண்ட், ஐஆர்எஸுக்கு அனுப்பிய படிவம். பொருளாளரைச் சந்தேகப்படும் தொனியில் கேட்காதீர்கள்; "அடுத்த வருஷம் நான் கூட இருந்து உதவுறேன், எப்படிப் போகுதுன்னு பார்த்துக்கறேன்" என்று கேளுங்கள். பெரும்பாலான பொருளாளர்கள் இதற்காகவே காத்திருப்பவர்கள். தாளைத் தர மறுத்தால் அந்த மறுப்பைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் பதில் வராவிட்டால், பெரும்பாலான மாநிலங்களில் அறக்கட்டளை அமைப்புகளைக் கண்காணிப்பது அட்டர்னி ஜெனரல் அலுவலகம். புகார் படிவம் அங்கே கிடைக்கும்.