பெயில் அவுட்: பிணையெடுப்பா, மீட்பா?

நொடிக்கும் நிறுவனத்தை அரசு பணம் தந்து காப்பாற்றுவதை ஆங்கிலத்தில் ‘பெயில் அவுட்’ என்பார்கள். 2008-09 அமெரிக்கக் கார் நிறுவன நெருக்கடியைப் பற்றி மொழிபெயர்த்து எழுதுவோர் பலர், ஜெனரல் மோட்டார்ஸைப் பற்றி ‘ஜிஎம்மை அரசு பிணையெடுத்தது’ என்கிறார்கள். தவறு. அகராதியில் ‘பெயில்’ என்றதும் கண்ணில் படுவது ஜாமீன். அதையே எடுத்து ஒட்டிவிட்டார்கள். படகில் புகுந்த நீரை இறைத்துக் கொட்டுவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். வேர் எதுவானாலும், நடந்தது என்ன என்பதைத்தான் தமிழ்ச்சொல் காட்ட வேண்டும்.

பிணை என்றால் மூன்று பேர் வேண்டும்: கடன் கொடுப்பவர், வாங்குபவர், வாங்கியவர் கட்டத் தவறினால் தான் கட்டுவதாகக் கையெழுத்துப் போடுபவர். கையெழுத்துப் போட்ட அன்று பிணையாளியின் பணம் கைமாறாது. கிரைஸ்லர் கார் நிறுவனத்துக்காக அமெரிக்கா 1979-இல் இயற்றிய சட்டம் இந்த வகை. கடன் தந்தது வெளியார். 150 கோடி டாலர் வரை அரசு உத்தரவாதம் மட்டுமே கொடுத்தது. அதைப் பிணை என்று தாராளமாகச் சொல்லலாம்.

2008 வேறு கதை. ஜிஎம், ஃபோர்டு, கிரைஸ்லர் ஆகிய மூன்று நிறுவனத் தலைவர்களும் நவம்பரில் வாஷிங்டன் போய்க் கேட்டது 2,500 கோடி டாலர். டிசம்பர் தொடக்கத்தில் அது 3,400 கோடியானது. 1,400 கோடிக்கான மசோதா டிசம்பர் 11 அன்று செனட்டில் முடங்கியது. அயல்நாட்டு நிறுவனங்களின் அமெரிக்க ஆலைகளில் தரும் அளவுக்கு ஊதியச் செலவை எந்த ஆண்டுக்குள் குறைப்பது என்பதில் தொழிற்சங்கத்தோடு பேச்சு முறிந்ததே காரணம். டிசம்பர் 19 அன்று அதிபர் புஷ், நிதித்துறையைத் தூக்கி நிறுத்த ஒதுக்கிய தொகையிலிருந்து 1,740 கோடியை ஜிஎம்முக்கும் கிரைஸ்லருக்கும் நேரடிக் கடனாக அறிவித்தார். ஃபோர்டு வாங்கவில்லை. 2009-இல் ஜிஎம் கடனின் பெரும்பகுதி பங்காக மாற, புதிய நிறுவனத்தில் 60.8 விழுக்காடு அமெரிக்கக் கருவூலத்தின் கைக்கு வந்தது. பெரும்பங்கு வைத்திருக்கும் உரிமையாளரைப் பிணையாளி என்பதா? பிணையெடுப்பு என்று எழுதினால், வரிப்பணம் நேராக உள்ளே போனது என்ற முக்கியமான செய்தியே மறைந்துவிடுகிறது.

அந்த ஏற்பாட்டிலும் ‘பிணை’ கச்சிதமாகப் பொருந்தும் இடம் ஒன்று உண்டு: நிறுவனம் நொடித்தாலும் கார் வாங்கியவரின் வாரண்டி செல்லும் என்று 2009 மார்ச்சில் அரசு தந்த உறுதி. மற்றதற்கெல்லாம் மீட்புக் கடன், மீட்பு முதலீடு என்று பிரித்துச் சொல்லலாம். பொதுவாக ‘மீட்பு நிதி’ போதும்.

இதே மொழிபெயர்ப்பாளர்கள்தான் 2009 ஜூன் 1 அன்று ஜிஎம் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்தது’ என்றும் எழுதுகிறார்கள். அது கடையை மூடும் மனு அல்ல. அமெரிக்கத் திவால் சட்டத்தின் அதிகாரம் 11-இன் கீழான மறுசீரமைப்பு மனு. ஜூலை 10-லேயே புதிய ஜிஎம் நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்துவிட்டது.