ஒரு சாண் இடத்துக்கு என்ன விலை?

கோழியையும் ஆட்டையும் கொஞ்சம் தாராளமாக வைத்து வளர்க்கச் சொல்லி சட்டம் வந்தால் முட்டை விலையும் கறி விலையும் எட்டாத உயரத்துக்குப் போய்விடும் என்று சேலத்தில் கறிக்கடைக்காரரும் சொல்வார், பண்ணைக்காரரும் சொல்வார். ஏறும் என்பது உண்மைதான். எவ்வளவு ஏறும், எந்த வழியாக ஏறும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. போட்டுப் பார்த்தால், இந்தப் பயத்தின் பெரும்பகுதி தவறான இடத்தில் வைக்கப்பட்டிருப்பது தெரியும்.

முட்டையில் தொடங்கலாம், கணக்கு அதில்தான் தெளிவாக நிற்கும். 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லைச் சுற்றியுள்ள பண்ணைகள்தான் நம் பக்கத்து முட்டைக்கு ஆதாரம். முட்டைக்கோழிக்கு நம் நாட்டில் பரவலாக இருக்கும் கூண்டு 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். அதில் மூன்று கோழிகள். ஆளுக்கு ஏறக்குறைய 387 சதுர சென்டிமீட்டர். ஜெராக்ஸ் கடையில் போடும் ஏ4 தாள் 624 சதுர சென்டிமீட்டர். அந்தத் தாளில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லாத இடத்தில் ஒரு கோழி ஓராண்டுக்கும் மேல் நின்று முட்டையிடுகிறது. இறக்கையை விரிக்க முடியாது. மண்ணைக் கிளறுவது, புழுதியில் புரள்வது, முட்டையிடும் நேரத்தில் மறைவிடம் தேடுவது எல்லாம் கோழிக்குப் பிறவியிலேயே வரும் குணங்கள். ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடும்படி இனத்தை மாற்றிய பிறகும் அந்தக் குணங்கள் போகவில்லை. கம்பிமேல் நிற்கும் கோழி கிளறுவதற்கு மண் இல்லாமல் பக்கத்துக் கோழியின் இறகைக் கொத்துகிறது. அதற்காகத்தான் மூக்கு வெட்டுகிறார்கள்.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், கூண்டில் அடைக்கப்படும் விலங்குக்கு நியாயமாக அசைய இடம் வேண்டும் என்று தன் 11ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. கோழிக்கு அது எத்தனை சென்டிமீட்டர் என்பதுதான் பேச்சாகவே இருந்தது. 2017இல் சட்ட ஆணையம் தன் 269ஆவது அறிக்கையில் இதை எடுத்துப் பேசியது. 2019இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வரைவு விதிகள் ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் என்று எண்ணைப் போட்டன. அதே 15க்கு 12 கூண்டில் இதன் பொருள், மூன்று கோழிக்குப் பதில் இரண்டு.

மூன்றில் ஒன்று குறைந்தால் விலையும் மூன்றில் ஒரு பங்கு ஏறும் என்று மனம் சட்டென முடிவு கட்டும். அப்படி நடக்காது. ஒரு முட்டையின் அடக்கவிலை 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் தீவனம் சுமார் மூன்றரை ரூபாய். குஞ்சு வாங்கி, முட்டையிடும் பருவம்வரை வளர்த்த செலவு முக்கால் ரூபாய். கொட்டகை, கூண்டு, ஆள் கூலி, கரண்ட் எல்லாம் சேர்த்து இன்னொரு முக்கால் ரூபாய். கூண்டிலிருந்து ஒரு கோழியை எடுத்துவிட்டால் மீதி இரண்டும் கூடுதலாகத் தின்னப்போவதில்லை. குஞ்சு விலையும் மாறாது. கடைசி முக்கால் ரூபாயைத்தான் மூன்று பேருக்குப் பதில் இருவர் சுமக்க வேண்டும். 75 காசு ஒன்றரை மடங்காகும். ஆக, முட்டைக்கு 38 காசு கூடும்.

இப்போது தீவனப் பக்கம் வருவோம். ஒரு முட்டைக்குத் தீவனம் ஏறக்குறைய 130 கிராம் செல்கிறது, அதில் பாதி மக்காச்சோளம். மக்காச்சோளம் கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் முட்டைக்கு 32 காசு ஏறிவிடும். கோழிக்கு இடம் கொடுக்கும் செலவும் மக்காச்சோளத்தின் 5 ரூபாய் ஏற்றமும் கிட்டத்தட்ட ஒன்றே. அந்த ஏற்றத்தை நாம் பார்க்காதவர்களா? 2018இல் படைப்புழு வந்து மக்காச்சோளக் காடுகளை அரித்தது. 2021இல் சோயா புண்ணாக்கு விலை ஏறிய வேகத்தில், மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கையே 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய ஒன்றிய அரசு அனுமதித்தது. அதன் பிறகு எத்தனாலுக்கும் மக்காச்சோளம் போகத் தொடங்கியது. பெட்ரோலில் கலக்கும் எரிபொருளுக்காக முட்டை விலை ஏறுவதை எந்தக் கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறோம். கோழி இறக்கையை அசைக்க அதே காசு என்றால் மட்டும் ஏழையின் முட்டை என்று வாதாடுகிறோம். எனக்கு இது மனசாட்சிக்கு ஒத்துவரவில்லை.

ஆனால் பண்ணைக்காரரின் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிடக் கூடாது. அடக்கவிலை வேறு, சந்தை விலை வேறு. புரட்டாசியில் சேலமே சைவத்துக்கு மாறும்போது கறிக்கோழியின் பண்ணை விலை சரிகிறது. தீவனச் செலவு அந்த மாதம் ஒரு பைசாகூடக் குறைந்திருக்காது. இன்று கொட்டகையில் எத்தனை கோழி இருக்கிறது, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதுதான் அன்றைய விலை. கறிக்கோழி தயாராக 40 நாள் ஆகும். முட்டைக்கோழி முட்டையிடத் தொடங்கவே 20 வாரம். நாளை முதல் மூன்றில் ஒரு கோழியை எடு என்று சட்டம் சொன்னால், புதுக் கொட்டகை எழும்பி அந்த இடம் நிரம்பும்வரை முட்டைக்குத் தட்டுப்பாடு வரும். அப்போது ஏறும் விலை 38 காசோடு நிற்காது. ஐரோப்பிய ஒன்றியம் 1999இலேயே வெறும் கம்பிக் கூண்டுக்கு 2012 ஜனவரி 1ஐக் கெடு வைத்தது. 12 ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் கொடுத்தும் பலர் கடைசிவரை இழுத்தடித்தார்கள். 2012 வசந்த காலத்தில் முட்டை விலை அங்கே கடுமையாக எகிறி, பிறகு இறங்கியது. அந்த எகிறல் பெரிய கூண்டின் செலவால் வந்ததல்ல, எல்லோரும் ஒரே நேரத்தில் மாறியதால் வந்தது.

இன்னொரு நியாயமும் உண்டு. தமிழ்நாட்டுப் பண்ணைக்கு மட்டும் விதி போட்டு, பக்கத்து மாநிலத்து முட்டை லாரிகளைத் திறந்து விட்டால் நம் பண்ணை மூடும், கோழியின் நிலை மாறாது. பிரிட்டன் 1999இல் சினைப் பன்றிகளைத் திரும்பக்கூட முடியாத குறுகிய கம்பி அடைப்பில் வைப்பதைத் தடை செய்தது. அதே முறையில் வளர்த்த வெளிநாட்டுப் பன்றிக்கறியைத் தடுக்கவில்லை. வேறு காரணங்களும் சேர்ந்துதான் அங்கே பன்றி வளர்ப்பு சுருங்கியது என்றாலும், இது அதில் ஒன்று. கலிஃபோர்னியா 2018இல் வாக்கெடுப்பு நடத்திக் கொண்டுவந்த சட்டம் வேறு வழி பிடித்தது. எங்கே வளர்த்ததாக இருந்தாலும், எங்கள் கடையில் விற்க வேண்டுமானால் இந்த அளவு இடம் கொடுத்திருக்க வேண்டும் என்றது. பன்றிப் பண்ணையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை நிற்கவிட்டது.

கறிக்கோழியின் கதை வேறு மாதிரி. நம் ஊர் திறந்தவெளிக் கொட்டகையில் ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி என்பது வழக்கம். இரண்டு கிலோ கோழி என்றால் சதுர மீட்டருக்கு 21, 22 கிலோ. ஐரோப்பாவின் சாதாரண வரம்பே 33 கிலோ. நாம் அவர்களைவிடக் கருணை கூடியவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை, வெயில்தான் காரணம். கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். சேலத்துச் சித்திரை வெயிலில் நெருக்கமாக விட்டால் ஒரே மதியத்தில் நூற்றுக்கணக்கில் சரிந்துவிடும். அதனால் கோடையில் எண்ணிக்கையைக் குறைத்து விடுகிறார்கள், கூரைமேல் ஓலை பரப்பித் தண்ணீர் தெளிக்கிறார்கள். ஆனால் காற்றாடியும் ஈரத் திரையும் வைத்த மூடிய கொட்டகை, அதாவது உள்ளே சூட்டைக் கட்டுப்படுத்தும் ஈ.சி. ஷெட், வரும்போது வெயில் போட்ட வரம்பு விலகிவிடும். அதே இடத்தில் கூடுதல் கோழி விடலாம். எழுதிய விதி தேவைப்படுவது அங்கேதான். அதை இப்போதே எழுதுவது மலிவு, கட்டி முடித்த பிறகு எழுதினால் இடித்துக் கட்ட வேண்டும். அதிலும் இங்கே பெரும்பாலான கறிக்கோழி ஒப்பந்த முறையில் வளர்கிறது. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை. கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை, அவருக்குக் கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்ற வளர்ப்புக் கூலி. இடத்தை அதிகமாக்கும் செலவு முழுவதும் அவர் தலையில்தான் விழும். கூலியையும் சேர்த்து மாற்றாத சட்டம் கோழிக்குச் செய்யும் நல்லதை விவசாயியின் கணக்கில் எழுதிவிடும்.

மானியம் உதவ வேண்டிய இடம் இதுதான். விலங்கு நலச் சட்டம் கூட்டுவது பெரும்பாலும் ஒருமுறைச் செலவு: கொட்டகை, கூண்டு, காற்றாடி. அதற்கு முதலீட்டு மானியம் கொடுத்தால் அந்தச் செலவு முட்டையின் விலையில் ஏறாமலே போகலாம். சுவிட்சர்லாந்து 1981இல் கூண்டுக்கு எதிரான விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்து 10 ஆண்டு அவகாசம் கொடுத்தது. பின்னாளில் விலங்குக்கு ஏற்ற கொட்டகைக்கும், வெளியே உலவ விடுவதற்கும் தனித்தனியாக விவசாயிக்குப் பணம் கொடுக்கும் திட்டங்களையும் வைத்தது. நம் தேசிய கால்நடை இயக்கம் 500 பெட்டை, 25 கிடா கொண்ட ஆட்டுப் பண்ணைக்குப் பாதிச் செலவை, 50 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது. நிலமும் வங்கிக் கடனும் காட்ட முடிந்தவருக்கு அது போய்ச் சேரும். மேச்சேரிப் பக்கம் முப்பது செம்மறியை மேய்ச்சலுக்கு ஓட்டுபவருக்கு அந்தக் கதவு திறக்காது. அவர் ஆடுகள்தான் நாள் முழுதும் நடந்து, விருப்பப்பட்டதைக் கடித்து வாழ்கின்றன. மானியத்தின் அளவை ஆட்டின் எண்ணிக்கையோடு கட்டாமல், ஆட்டுக்குக் கிடைக்கும் இடத்தோடும் மேய்ச்சலோடும் கட்டினால் அவரும் உள்ளே வருவார்.

ஆட்டுக்கறியில் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் ஐந்து டன் லாரியில் 40 ஆட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்கின்றன. கொங்கணாபுரம் சனிச் சந்தையில் வாங்கிய 80 ஆடுகளை ஒரே லாரியில் சென்னைக்கு அனுப்பினால் இன்னொரு லாரி வாடகை மிச்சம். அது 16,000 ரூபாய் என்றால் ஆட்டுக்கு 200 ரூபாய், 12 கிலோ கறி தேறும் ஆட்டில் கிலோவுக்கு 17 ரூபாய். ஆட்டின் விலை 10,000 என்றால், நெரிசலில் இரண்டு ஆடு மூச்சுத் திணறிச் செத்தாலே அந்த மிச்சம் முழுவதும் போய், மேலே 4,000 நட்டம். சாகாதவற்றிலும் இழப்பு உண்டு. விழாமல் நிற்கப் போராடும் ஆட்டின் தசையில் சேமித்த சர்க்கரை தீர்ந்துபோகும். அறுத்த பிறகு அந்தச் சர்க்கரைதான் அமிலமாக மாறி, கறியின் பி.எச். அளவை 5.6 அருகே இறக்கிக் கிருமியைத் தடுக்க வேண்டும். சர்க்கரை இல்லாத கறியில் அது 6க்கு மேலேயே நின்றுவிடும். அந்தக் கறி கறுத்து, இறுகி, சீக்கிரம் கெடும். மாலைக்குள் விற்காமல் கழிக்கும் கறியின் விலையையும், வழியில் செத்த ஆட்டின் விலையையும் கடைக்காரர் மற்ற கிலோக்களின் மேல்தான் போடுகிறார். விதியை மீறி ஏற்றிய லாரிக்கான கட்டணத்தை வாங்குபவர் இன்றைக்கும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.